பெயிண்ட் ரிமூவர் 4 லிட்டர் டின்: ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூன்று டின் செலவழித்த அனுபவம்

ஜெல் வகை பெயிண்ட் ரிமூவர், 4 லிட்டர் டின், நான் வாங்கிய விலை 1,400 ரூபாய். இதுவரை மூன்று டின் காலி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரின் மெல்லிய தகட்டிலிருந்து பெயிண்டை உரிக்க, வீட்டில் வைத்துச் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. ஆனால் காற்றோட்டமான திறந்த இடம் இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் இந்த டின்னைத் திறப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. 1979-ல் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். வண்டலூர் தொழிற்சாலையில் செய்த வண்டி, குரோம்பேட்டையில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலிலேயே இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. அப்பா போன பிறகு ஆறு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. போன வருஷம்தான் நானும் மகளும் சேர்ந்து கையில் எடுத்தோம்.

ஹெரால்டைப் பிரித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் 1959-ல் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது, முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் கிடைக்காததால், தனி சேஸிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள். வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. அதனால் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழும், கூரை கூட போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். பெயிண்ட் உரிக்கிறவனுக்கு இது பெரிய வரம். அம்பாசடரிலோ ஃபியட்டிலோ வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து நிமிர்ந்து செய்யவேண்டிய வேலையை, ஹெரால்டில் கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் படுக்கப் போட்டுச் செய்யலாம். ரிமூவர் வழிந்து ஓடாமல் படுத்த தகட்டின் மேல் நிற்கும். இந்த விமர்சனத்தைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக நிற்கிற பகுதியில் இதே ஜெல் இவ்வளவு நன்றாக வேலை செய்யாது.

முதலில் நான் ரிமூவரிடம் போகவில்லை. ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு மணல் பிளாஸ்டிங் பட்டறைக்குத்தான் போனேன். சேஸிஸையும், அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்குகிற, துரு பிடித்திருந்த அவுட்ரிகர்களையும், அதோடு டிக்கி மூடியையும் கொடுத்தேன். சேஸிஸ் அருமையாக வந்தது. கனமான இரும்பு, மூலை முடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் வெல்வெட் மாதிரி சுத்தம். டிக்கி மூடியைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. நடுவில் விரலை வைத்து அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போகும், விட்டால் 'டொக்' என்று வெளியே வரும். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகட்டின் மேல் அவ்வளவு அழுத்தத்தில் மணல் அடித்தால், ஒவ்வொரு மணலும் சின்னச் சுத்தியலாக மாறித் தகட்டின் மேல்தோலை நீட்டிவிடும். நீண்ட தகடு போக இடமில்லாமல் உப்பும். பட்டறைக்காரர் 'எல்லா வண்டிக்கும் இப்படித்தான் அடிக்கிறோம்' என்றார். அறுபது வருஷம் தாங்கிய தகடு ஒரு மத்தியானத்தில் போனது. அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெயிண்டர் மேஸ்திரி இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர், அப்பா காலத்திலிருந்து பழக்கம். டிக்கி மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, வெளித் தகட்டை யாராவது மணல்ல குடுப்பாங்களா? ஒரு டின் ரிமூவர் வாங்கு. நான் வந்து காட்டுறேன்" என்றார். அப்படித்தான் முதல் டின் வந்தது.

மேஸ்திரி டின்னைத் திறக்கும் முன்பு ஒரு சோதனை செய்தார். பஞ்சில் என்சி தின்னரை (பெயிண்டை இளக்குகிற திரவம்) நனைத்துக் கதவின் மேல் அரை நிமிஷம் அழுத்தித் தேய்த்தார். பஞ்சில் நிறம் வந்தால் அது பழைய டூகோ வகைப் பெயிண்ட், தின்னருக்கே கரையும். வரவில்லை என்றால் இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்து அடித்த டூகே (2K) பெயிண்ட். எங்கள் மெரூன் துளிகூட அசையவில்லை. 1998-ல் அடித்தது, டூகேதான். இந்த மாதிரி பெயிண்டின் மேல் ரிமூவரை அப்படியே தடவினால் மேலேயே உட்கார்ந்து காய்ந்துவிடும். அதனால் 40 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, அப்புறம்தான் தடவவேண்டும். தகடு வரைக்கும் கீறக் கூடாது. பளபளப்பு உடைந்தால் போதும்.

தடவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. சுவருக்கு அடிக்கிற மாதிரி பிரஷை முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. கனமாக அள்ளி, ஒரே பக்கமாக ஒரு முறை இழுத்துவிட்டு அப்படியே விட்டுவிடவேண்டும். இந்த ஜெல்லில் மெழுகு கலந்திருக்கிறது. தடவியவுடன் அந்த மெழுகு மேலே மிதந்து வந்து ஒரு மெல்லிய ஏடு போல மூடி, கீழே இருக்கிற மருந்து ஆவியாகாமல் பார்த்துக்கொள்கிறது. மறுபடி பிரஷ் போட்டால் அந்த ஏடு கிழிந்துவிடும், மருந்து பறந்துவிடும். மேஸ்திரி இதற்கு மேல் இன்னொன்றும் செய்தார். மெல்லிய பாலித்தீன் ஷீட்டை அதன் மேல் விரித்து, காற்றுக் குமிழி இல்லாமல் உள்ளங்கையால் தடவி ஒட்டினார். இந்த ஒரு ஷீட்டுதான் என் முதல் டின்னைக் காப்பாற்றியது.

ஏனென்றால் நான் ஆரம்பித்தது மே மாதம். டின்னின் பின்பக்கம் டைகுளோரோமீத்தேன் என்று போட்டிருக்கிறது. அது கொதிக்கிற சூடு சுமார் 40 டிகிரிதான். சென்னை மே மாத மத்தியானத்தில் வெயிலில் கிடந்த தகட்டின் மேல் ஊற்றினால் என்ன ஆகும்? நான் தனியாகச் செய்து பார்த்த முதல் நாள், ஐந்து நிமிஷத்தில் காய்ந்து பொருக்காகிவிட்டது. அரை லிட்டர் வீண். அதன் பிறகு விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துவிடுவேன். அப்புறம் வேலையை நிறுத்திவைத்து மார்கழியில் தொடர்ந்தபோது, அதே டின் இரண்டு மடங்கு இடத்துக்கு வந்தது. பாதி விஷயம் மருந்தில், பாதி விஷயம் நேரத்தில் இருக்கிறது.

இடது கதவை உரித்த காலை எனக்கு மறக்காது. ஷீட் போட்டு இருபது நிமிஷம். பாலித்தீனுக்கு அடியில் மெரூன் முதலில் மங்கியது. பிறகு ஓரத்தில் ஒரு சுருக்கம், பால் ஆறும்போது ஆடை சுருங்குமே அப்படி. அந்தச் சுருக்கம் மெதுவாக நடுப்பக்கம் நகர்ந்து, கதவு முழுக்க நரம்பு நரம்பாக எழும்பியது. காது கொடுத்துக் கேட்டால் மெல்லிய சடசடப்பு. ஷீட்டை எடுத்துவிட்டு, முனை மழுக்கிய பட்டி பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளினேன். மெரூன் ஒரே துண்டாகச் சுருண்டு வந்தது. அதற்குக் கீழே க்ரீம், அப்பா 1984-ல் அடித்தது. இரண்டாவது தடவலுக்கு க்ரீமும் அதற்குக் கீழே ஒரு வெள்ளையும் போனது, டாக்டர் அடித்ததாக இருக்கவேண்டும். வெள்ளைக்குக் கீழே நீலம். மழை விட்ட பிறகு தெரிகிற வானத்தின் நிறம். மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். "அப்பா, தாத்தா இந்தக் கலரைப் பார்த்திருக்கவே மாட்டார், இல்ல?" என்றாள். பார்த்திருக்க மாட்டார். அவர் வாங்கும்போதே வண்டி வெள்ளை.

கதவின் கீழ் மூலையில் மட்டும் ரிமூவர் திணறியது. அங்கே பெயிண்ட் இல்லை, பட்டி. கிட்டத்தட்ட ஒரு விரல் கனத்துக்கு. பட்டியை இந்த ஜெல் மெதுவாகத்தான் இளக்கும், நான்கு முறை தடவிச் சுரண்டவேண்டியிருந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம், கீழ் விளிம்பு முழுக்கத் துருவில் சல்லடை. எங்கள் வீட்டு கேட் தூணில் அப்பா இடித்த இடம் அது. பள்ளத்தைத் தட்டி எடுக்காமல் பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். பட்டி ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தகட்டை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. மேலேயே தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. பழைய வண்டியின் பெயிண்டை முழுசாக உரிக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். டைகுளோரோமீத்தேன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. மேலே போகாது, தரையில் தேங்கும், குழியில் நிறையும். மூச்சு வழியாக உள்ளே போனால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையிலும் குளியல் தொட்டிகளிலும் இதை வைத்து வேலை செய்த ஆட்கள் செத்துப்போயிருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான பெயிண்ட் ரிமூவர்களில் இதை 2019-ல் தடை செய்தார்கள். ஐரோப்பாவில் அதற்கு முன்பே. இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது, கேட்டால் எடுத்து நீட்டுகிறார்கள், ஒரு வார்த்தை சொல்வதில்லை. டின்னில் எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் எறும்பு எழுத்தில். இதற்காகவே நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

பெயிண்டர்கள் போடுகிற கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். இந்த ஆவி அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். மெல்லிய நீல நைட்ரைல் கையுறையும் அப்படித்தான், சில நிமிஷங்களில் ஊடுருவிவிடும், விரல் நுனியில் எரிச்சல் வந்த பிறகுதான் தெரியும். நான் செய்தது திறந்த வாசலில், காற்று என் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி நின்றுகொண்டு. இந்த மருந்தைத் தாங்கும் என்று போட்டிருக்கிற லேமினேட் கையுறை உள்ளே, அதன் மேல் கனமான ரப்பர் கையுறை. கண்ணுக்கு முழுக் கண்ணாடி. இதய நோய் உள்ளவர்கள் பக்கத்தில் நிற்கவே கூடாது. மகளை ஜெல் தடவும் நேரத்தில் பத்தடி தள்ளித்தான் உட்காரவைத்தேன், சுரண்டி முடித்துத் துடைத்த பிறகுதான் கிட்டே வரவிட்டேன்.

மூடியைத் திறப்பதிலும் கவனம் வேண்டும். வெயிலில் இருந்த டின்னுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். ஈரத் துணியைப் போட்டு மூடி, மெதுவாகத் திருகி, 'உஸ்' என்று காற்று போன பிறகு திறக்கவேண்டும். இரண்டாவது டின்னை நான் அவசரத்தில் திறந்தபோது ஒரு துளி மணிக்கட்டில் தெறித்தது. உடனே குழாயடியில் பத்து நிமிஷம் கழுவினேன், அப்படியும் இரண்டு நாள் சிவந்து எரிந்தது. பக்கெட் தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஓரங்களுக்கு ஒரு முறை இருக்கிறது, அதை மேஸ்திரிதான் சொல்லிக்கொடுத்தார். தகடு மடிந்து ஒட்டியிருக்கிற விளிம்பு, இரண்டு தகடு சேரும் இடுக்கு, இவற்றுக்கு அரை இஞ்சு முன்பே ரிமூவரை நிறுத்திவிடவேண்டும். அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டி மறைத்துவிட்டால் நல்லது, சாதா மாஸ்கிங் டேப் கரைந்துவிடும். இடுக்குக்குள் போன மருந்தை எவ்வளவு கழுவினாலும் வெளியே எடுக்க முடியாது. புதுப் பெயிண்ட் அடித்து ஒரு மாதம் கழித்து அந்த ஓரத்தில் மட்டும் கொப்புளம் கிளம்பும். விட்ட அரை இஞ்சை நாலு இஞ்சு கிரைண்டரில் ஸ்டிரிப் டிஸ்க் மாட்டி எடுத்தேன். கடல்பாசி மாதிரி சொரசொரவென்று இருக்குமே, அந்த டிஸ்க். தகட்டைக் கடிக்காது. ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறி நீலம் பாய்ந்துவிடும், ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். டெயில் லைட் கண்ணாடி, ரப்பர் பீடிங், ஃபைபர் எதையும் இந்த ஜெல் விட்டுவைக்காது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். கழற்றும்போது கிழிந்த பீடிங்குகளுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் மாற்று கிடைத்தது, கதவு கைப்பிடி புதுப்பேட்டையில் கிடைத்தது.

உரித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நான் மேலே சொன்ன அந்த மெழுகு தகட்டின் மேல் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் பிரைமர் அடித்தால் பிடிக்காது. முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைக்கவேண்டும், துணியை அடிக்கடி மாற்றவேண்டும், இல்லாவிட்டால் மெழுகை இங்கிருந்து அங்கே பூசுகிறோம். பிறகு சோப்புத் தண்ணீர், உடனே ஈரம் போகத் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, மறுபடி தின்னர். அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. நம் ஊர்க் கடல் காற்றில் வெறும் தகடு ஒரு ராத்திரியில் ஆரஞ்சு நிறமாகிவிடும். கூரையை உரித்த அன்று கரண்ட் போய் கம்ப்ரஸர் ஓடவில்லை. காலையில் பார்த்தால் கூரை முழுக்க மஞ்சள் தூவியது போலத் துருப் பொடி. மறுபடி முழுசாகத் தேய்த்தேன்.

மற்ற வழிகளையும் பார்த்தேன். ஹீட் கன் கூரையின் ஒரு மூலையில் முயன்று பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன், அகலமான தகடு சூட்டில் நெளியப் பார்த்தது. உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எனக்குச் சம்மதமே இல்லை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அந்தத் தூசி வீட்டுக்குள் போய்த் தரையில் படியும், குழந்தைகள் இருக்கிற வீடு. ரிமூவரில் தூசி ரொம்பக் குறைவு, பெரும்பாலும் ஈரக் குழம்பாக வருகிறது. அந்தக் குழம்பைச் சாக்கடையில் விடாதீர்கள். நான் காலி டின்னிலேயே திரும்பப் போட்டு இறுக மூடிவைத்து, அபாயக் கழிவு என்று தனியாகச் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாவது டின் பற்றி ஒரு குறை. அதே பிராண்டு, வேறு கடை. திறந்ததும் ஜெல் இல்லை, மோர் மாதிரி ஓடியது. தேதியைப் பார்த்தால் இரண்டு வருஷம் பழசு. தடவினால் நிற்காமல் வழிந்தது, ஒரு பக்க மட்கார்டுக்கே பாதி டின் போய்விட்டது. கடைக்காரர் மாற்றித்தர மறுத்துவிட்டார். வாங்கும்போதே டின்னை ஆட்டிப் பாருங்கள், களக் களக் என்று தண்ணீர்ச் சத்தம் வந்தால் வேண்டாம். தேதியும் பார்க்கவேண்டும்.

கணக்குக்காக: பானெட் மட்கார்டோடு சேர்த்துக் கிட்டத்தட்ட நாலு லிட்டர், இரண்டு கதவுக்கும் கூரைக்கும் இன்னொரு டின், மீதிக்கு அந்தத் தண்ணீர் டின். கையுறை, ஷீட், துணி, தின்னர் எல்லாம் சேர்த்தால் ஏழாயிரத்தைத் தொட்டது. பிளாஸ்டிங் பட்டறையில் கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் என் நாற்பது காலைகள் இதில் கணக்கில்லை. மருந்துக்கு 5-க்கு 4. பொறுமை இல்லாதவர்களுக்கு, இடம் இல்லாதவர்களுக்கு, 5-க்கு 0.

டேஷ்போர்டின் அடியில், ஒரு வெற்றிலை அளவுக்கு அந்த நீலத்தை உரிக்காமல் விட்டிருக்கிறேன். அறுபது வருஷமாக வெயில் படாத இடம், நிறம் கொஞ்சமும் வெளிறவில்லை. குளோவ் பாக்ஸ் மூடியின் உட்புறத்திலும் அதே நீலம் இருந்ததால், அதைக் கழற்றிக்கொண்டு போய்க் காட்டித்தான் பெயிண்ட் கடையில் கலர் கலக்கினோம். மூன்றாவது கலவையில்தான் மேஸ்திரி தலையாட்டினார். டிக்கி மூடி டிங்கர் பட்டறையில் இருக்கிறது, சூடு காட்டிச் சுருக்கி நேராக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் வந்துவிடும் என்றார்கள்.